8 ஜிபி ராம் போட்டும் 3.24தான் காட்டுகிறதா? போர்டை மாற்றிவிடாதீர்கள்

வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறேன். முகூர்த்த மாதத்தில் இரண்டு பத்திரிகை டிசைனைத் திறந்தாலே கம்ப்யூட்டர் திணறியது. தெரிந்த கடைதானே என்று தூக்கிக்கொண்டு போனேன். "ராம், அதாவது தற்காலிக நினைவகம், 4 ஜிபிதான் இருக்குண்ணே, இன்னொரு 4 போட்டா பறக்கும்" என்றார் கடைக்காரர். 1,800 ரூபாய்.

பறக்கவில்லை. ‘திஸ் பிசி’யில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் ‘8.00 ஜிபி (3.24 ஜிபி யூசபிள்)’. திரும்பப் போனேன். மூடியைக்கூடக் கழற்றாமல், "மதர்போர்டு போயிடுச்சுண்ணே, ராம் மாட்டுற ஸ்லாட் வேலை செய்யல. மாத்தினா 6,500" என்றார். ஸ்லாட் செத்திருந்தால் 8 என்றே காட்டியிருக்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. போர்டுக்கு 2,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரவு போனில் அக்கா மகனிடம் புலம்பினேன். "மாமா, கீழே சிஸ்டம் டைப்னு ஒரு வரி இருக்கும், படிங்க." படித்தேன்: 32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர். அவ்வளவுதான் வியாதி.

32 பிட்டில் அடங்கும் முகவரிகள் 429 கோடி சொச்சம். ராமில் ஒரு பைட்டுக்கு ஒரு முகவரி வீதம் 4 ஜிபியோடு சரி. அதிலும் கிராபிக்ஸ், நெட்வொர்க் என்று ஆளாளுக்கு ஒரு பங்கு பிடித்துக்கொள்ளும். என் பழைய 4 ஜிபியே முழுசாகப் பயன்படவில்லை. புதியது சும்மா உட்கார்ந்திருந்தது. எக்ஸ்64 என்றால் பிராசசர் 64-பிட் தாங்கும். போன வருஷம் ஃபார்மட் செய்து 32-பிட் விண்டோஸ் 10 ஏற்றியது யார்? இதே கடைதான்!

ஃபைல்களை எல்லாம் வெளி டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டு அக்கா மகன் 64-பிட் விண்டோஸ் ஏற்றினான். பழைய லைசென்ஸே போதும். என் கிழட்டு பிரிண்டருக்கு மட்டும் 64-பிட் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) தேடி அரை நாள் போனது. இப்போது 7.89 ஜிபி.

உங்களுடையது ஏற்கெனவே 64-பிட்டாக இருந்தும் குறைகிறதென்றால், எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸின் அமைப்புக் கருவி, தேடலில் msconfig என்று அடித்தால் வரும்) பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் ‘மேக்ஸிமம் மெமரி’யில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய போர்டு என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) மெமரி ரீமேப் என்ற வசதி இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஒரு ராமே கணக்கில் வராவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, கழற்றி, தங்க நிறப் பல்லை ரப்பரால் துடைத்து மாட்டுங்கள்.

அட்வான்ஸைக் கேட்டதற்கு ‘செக்கிங் சார்ஜ்’ 500 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். "32-பிட்னு தெரிஞ்சும் ஏன் ராம் வித்தீங்க?" என்றேன். "நீங்க போடச் சொன்னீங்க, போட்டோம்" என்றார்.