அகாதமிகளின் கோடைகால ஆராய்ச்சித் திட்டம்: இரண்டு மாத அனுபவம்

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடித்த கையோடு, பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்தேன். காலநிலை அறிவியலில் வழிகாட்டி கிடைத்தது என் பாக்கியம்.

இந்திய வானிலைத் துறையின் மழைத் தரவு, 1901 முதல். நாட்டை அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் பாகை அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள்வாரியாக மழையளவு தந்திருப்பார்கள். அதில் வடகிழக்குப் பருவமழையை மட்டும் பிரித்தெடுக்கும் வேலை. முதல் வாரம் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியோடு மல்லுக்கட்டினேன். தரவு இல்லாத கட்டங்களில் -999 என்று இருக்கும். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்ததில் மழை மைனஸில் வந்தது! வழிகாட்டி சார் கோபப்படவே இல்லை. "முதல்ல மேப்பா போட்டுப் பாரும்மா" என்றார். போட்டதும் தரவே இல்லாத கடல் முழுக்க ஒரே நிறம், அந்த -999-தான்! தப்பு புரிந்துவிட்டது.

பிறகு 2015 டிசம்பர் 2-ஐத் திறந்தேன். தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவான நாள். எங்கள் மாடிப்படியில் நாலாவது படிவரை தண்ணீர் ஏறியிருந்தது. அந்த இரவு ஒரு சின்னக் கட்டமாகத் திரையில் நின்றபோது கண் கலங்கிவிட்டது.

தங்குமிடம் கடைசி நேரம்வரை உறுதியாகவில்லை, அந்த அலைச்சல் தேவையற்றது. மற்றபடி தயங்காமல் விண்ணப்பியுங்கள். பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தோடு தரும் ஆய்வுக் குறிப்பைச் சொந்தமாக எழுதுங்கள்.