ஊதா டப்பா ‘ஸ்டெம் செல்’ பவுடர்: 168 வெள்ளிக்கு திராட்சை ஜூஸ்

பிராண்ட் பேரு போட மாட்டேன், ஆனா இங்க சிங்கப்பூர்ல கோயில் அன்னதானம், கம்யூனிட்டி கிளப் யோகா கிளாஸ்னு நம்ம பெரியவங்க கூடுற இடத்துல எல்லாம் இப்ப கைமாறிக்கிட்டு இருக்குற அந்த ஊதா டப்பாதான், பார்த்தவங்களுக்குப் புரியும். 30 பாக்கெட் 168 வெள்ளி, ரெண்டு டப்பா எடுத்தா 300. எங்க அத்தைக்கு ரொம்ப நாளா முட்டி வலி, தெரிஞ்ச ஆண்ட்டி ஒருத்தவங்க சொன்னாங்கன்னு ஒரு டப்பா வாங்கிட்டாங்க.

ருசிய முதல்ல சொல்லிடுறேன். நல்லாத்தான் இருக்கு. ஐஸ் தண்ணியில கலக்கினா திராட்சை ஜூஸ் மாதிரி, லேசா புளிப்பு, அடியில கொஞ்சம் கட்டி கட்டியா நிக்கும், ஸ்பூன் வச்சு நசுக்கணும். வெந்நீர்ல போட்டுடாதீங்க, ஒரு மாதிரி கவிச்சி வாடை வருது (ஏன்னு கீழ சொல்றேன்).

பிரச்சனை ருசியில இல்ல, டப்பாவுக்குள்ள வச்சிருந்த பேப்பர்ல. அதுல பெருசா ஒரு கரு போட்டோ, உருண்டை உருண்டையா செல்லு தெரியுமே அது, பக்கத்துல நோபல் பரிசு மெடல் படம். மாமா அதைப் பார்த்துட்டு டம்ளரைத் தள்ளி வச்சுட்டாரு. "யாரு வீட்டுப் புள்ளையக் கலைச்சு எடுத்ததோ, அதைக் கரைச்சு குடிக்கச் சொல்றீங்களா, பாவம் சும்மா விடாது"ன்னு ஒரே சத்தம். அத்தை பயந்துபோயி ஆண்ட்டிக்கு வாட்ஸ்அப் போட, அவங்க வாய்ஸ் மெசேஜ்ல "அண்ணே அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, இது சிங்கப்பூர் கவர்மெண்டே ஓக்கே பண்ண ரிசர்ச், நோபல் பிரைஸ் வாங்கின ரிசர்ச்"னு பதில் சொல்றாங்க. கேட்டீங்கன்னா ஆண்ட்டி சொன்னது தனித்தனியா பார்த்தா பொய்யே இல்ல, ஆனா அதுக்கும் இந்த டப்பாவுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

மாமா கோபப்பட்ட விஷயம் நெசமாவே பெரிய விவாதம்தான், அதுவும் நம்ம ஊர்ல ஆரம்பத்துலேருந்தே இருக்குற விவாதம். இலங்கையில பிறந்து இங்க நேஷனல் யுனிவர்சிட்டியில வேலை பார்த்த ஆரிஃப் பொங்சோன்னு ஒரு விஞ்ஞானி, 1994லயே டெஸ்ட் டியூப் பேபி சிகிச்சையில வளர்த்த 5 நாள் கருவுலேருந்து ஸ்டெம் செல்லை, அதாவது உடம்புல வேற வேற வகைச் செல்லா மாறக்கூடிய மூலச் செல்லை, பிரிச்சு எடுத்துக் காட்டினாரு. அவரு இருந்த டீமுக்குத் தலைவரு யாழ்ப்பாணத்துல பிறந்த டாக்டர் ஷான் ரத்னம், 1983ல சிங்கப்பூரோட முதல் டெஸ்ட் டியூப் குழந்தைய இங்க கே கே ஆஸ்பத்திரியில பிறக்க வச்ச டீம் அது. அப்புறம் 1998ல அமெரிக்காவுல ஜேம்ஸ் தாம்சன் அந்தச் செல்லை லேப்ல நிரந்தரமா வளர்க்க முடியும்னு காட்டினதும்தான் உலகம் முழுக்க சண்டை. அந்த 5 நாள் கரு குண்டூசித் தலை அளவு கூட இருக்காது, நூறு இருநூறு செல்லுதான், வயித்துல இருந்து எடுக்குறது இல்ல, சிகிச்சை முடிஞ்ச தம்பதிக்கு ஃப்ரீசர்ல மிச்சம் இருக்குறது. ஆனா உள்ள இருக்குற செல்லை எடுத்தா அந்தக் கரு அதோட போச்சு. அப்ப அது உயிரா இல்லையா, எப்படியும் தூக்கிப் போடப் போறதுன்னா நோயாளிக்கு உதவட்டுமேங்கிறது சரியா, இதுதான் கேள்வி. 2001ல அமெரிக்க அதிபரா இருந்த புஷ், அரசுப் பணத்துல புதுசா கரு அழிக்கிற வேலைக்குக் காசு இல்லைன்னுட்டாரு.

இங்க 2000 கடைசியில, ஆராய்ச்சியில எது நியாயம் எது இல்லன்னு பார்க்குற பயோஎதிக்ஸ் கமிட்டி ஒண்ணு போட்டு, மதத் தலைவருங்க கிட்டயும் கருத்து கேட்டாங்க. கத்தோலிக்கத் தரப்பு முடியவே முடியாது, கரு உண்டான நொடியிலேருந்து மனுசன்னு நின்னாங்க. முஸ்லிம் தரப்பு 14 நாளுக்குள்ள இருந்தா ஆராய்ச்சிக்கு ஆகும்னாங்க. நம்ம இந்து தரப்புல கருவ அழிக்கிறது பாவம்தான், ஆனா உயிரைக் காப்பாத்தவும் நோயைத் தீர்க்கவும்னா மறுப்பு இல்லைங்கிற மாதிரி சொல்லியிருந்தாங்க. 2002ல கமிட்டி ரிப்போர்ட், 14 நாள்தான் எல்லை, தம்பதி சம்மதம் கட்டாயம்னு. 2004ல சட்டமே வந்துச்சு, மனுசனை குளோனிங் பண்றது, கருவ வெலைக்கு விக்கிறது எல்லாம் குத்தம். அந்த 14 நாள் ஏன்னா, அதுக்கு அப்புறம்தான் முதுகு எந்தப் பக்கம் தலை எந்தப் பக்கம்னு கோடு விழும், அதுவரைக்கும் அந்த ஒரு கரு ரெட்டையா பிரியக்கூட வாய்ப்பு இருக்கு.

இதெல்லாம் மாமா கிட்ட சொன்னேன். நீ சொல்ற நியாயம் எல்லாம் சரி, எனக்கு மனசு ஒப்பலன்னாரு. அதை நான் மதிக்கிறேன், சட்டம் விட்டா மனசும் விட்டுடணும்னு எங்கயும் எழுதி வைக்கலையே.

சரி நோபல் யாருக்குன்னா ஜப்பான்ல யமனாகா, 2006ல எலி செல்லு, 2007ல மனுசத் தோல் செல்லு, அதைக் கருவே தொடாம ஸ்டெம் செல்லு மாதிரி மாத்திக் காட்டினதுக்கு, 2012ல இங்கிலாந்து விஞ்ஞானி கர்டன் கூட சேர்ந்து வாங்கினாரு. அதாவது கரு போட்டோ பக்கத்துல கரு வேண்டாம்னு வழி காட்டினவரோட பரிசு! டிசைன் பண்ணவருக்கு ரெண்டும் ஒண்ணு போல.

இப்ப டப்பாவைத் திருப்புங்க. பொடி எழுத்து, நான் போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கித்தான் படிச்சேன். மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி), திராட்சைப் பவுடர், கொலாஜன்ங்கிற புரதம், சுக்ரலோஸ் (செயற்கை இனிப்பு), கடைசிக்கு முன்னாடி ஆப்பிள் ஸ்டெம் செல் எக்ஸ்ட்ராக்ட். அவ்ளோதான் லா. கருவும் இல்ல மனுசச் செல்லும் இல்ல, ஆப்பிள் செல்லை லேப்ல வளர்த்து அரைச்ச சாறு. உயிரோட இருக்குற செல்லையே முழுங்கினாலும் வயித்துக்குள்ள போனா சோறு செரிக்கிற மாதிரி செரிச்சுடும், இதுல செத்த ஆப்பிள் செல்லு போயி அத்தை முட்டியில ஜவ்வு வளர்க்குமா சொல்லுங்க.

அந்தக் கொலாஜன் எதுலேருந்துன்னு இன்னும் பொடி எழுத்துல இருந்துச்சு. மீன். எங்க அத்தை முட்டை கூட தொடாத சுத்த சைவம். வீடு பூரா இல்லாத கருவுக்காக சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப அவங்க பாட்டுக்கு தினமும் காலையில மீன் குடிச்சிருக்காங்க. வெந்நீர் வாடைக்குக் காரணமும் அதுவாத்தான் இருக்கணும். மாமா சிரிச்ச சிரிப்பு இருக்கே, அத்தை அன்னைக்கு அவருக்கு கோப்பி போட்டுக் கொடுக்கல.

"ஹெச்எஸ்ஏ அப்ரூவ்ட்", அதாவது மருந்தைக் கட்டுப்படுத்துற அரசுத் துறை ஓக்கே பண்ணதுன்னு ஆண்ட்டி சொல்றதையும் நம்பாதீங்க. ஹெல்த் சப்ளிமெண்ட்டுக்கு இங்க விக்கிறதுக்கு முன்னாடி அப்ரூவல் வாங்கணும்னே கிடையாது, ஆனா நோயைக் குணப்படுத்தும்னு சொல்லி விக்கக் கூடாது. நெசமான செல் சிகிச்சைக்கு 2021லேருந்து தனி ரூல்ஸ், அது ஆஸ்பத்திரியில நடக்குற விஷயம், கோயில் வாசல்ல டப்பாவுல வராது. எனக்கு எரிச்சல் என்னன்னா, நெசமான ஆராய்ச்சிக்காரங்க கருவுக்கு சம்மதப் பேப்பர், கமிட்டி, சட்டம்னு இத்தனை வருசம் பேசி ஒவ்வொண்ணா அனுமதி வாங்குறாங்க, இவங்க அந்தப் பேரை மட்டும் சும்மா தூக்கிட்டு வந்து வலியில இருக்குற வயசானவங்க கிட்ட காசாக்குறாங்க.

முட்டி வலி குறைஞ்சுதான்னு கேப்பீங்க. டப்பா தீரும்போது இல்ல. பாலிகிளினிக்ல எழுதிக் கொடுத்து பிசியோ போயி தொடைக்கு எக்சர்சைஸ் பண்ண ஆரம்பிச்ச பிறகு மாடிப்படி ஏறும்போது முன்ன மாதிரி முனகல, அதுக்கு ஆன செலவு இந்த டப்பா வெலையில பாதி கூட இல்ல.

ருசிக்கு ஒரு ஸ்டார், டப்பா மூடி டைட்டா நிக்குது அதுக்கு அரை ஸ்டார். மிச்சப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தப்ப ஆண்ட்டி காசு தர முடியாது, வேற ஐட்டம் எடுத்துக்கச் சொன்னாங்க, ஷாம்பூ எடுத்தோம். நல்லா நுரை வருது, அதுலயும் ஸ்டெம் செல்னுதான் போட்டிருக்கு, மாமா தலைக்கு அதைத்தான் போட்டுக் குளிக்கிறாரு.