ஏரி ஊரிலா, ஆட்டத்திலா? கொடைக்கானல், நுவரெலியா, திகன கோல்ஃப் மைதானங்கள்

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை, தொண்டி, மண்டபம் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குச் சென்று, அங்கே கோல்ஃப் பழகி, விடுமுறைக்கு ஊர் திரும்புபவர்கள் வெளியூர் போய்த்தான் ஆட வேண்டியிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்திருக்கும் மாவட்டத்தில் பல ஏக்கர் புல்தரையை ஆண்டு முழுவதும் நனைத்துக் காப்பது முறையும் ஆகாது. ஆகவே ஏரிக்கரை, மலைக்காட்சி, குளிர்ந்த காற்று ஆகியவற்றோடு 18 குழிகள் ஆடி வர விரும்புபவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல். கடலைத் தாண்டத் தயாராக இருந்தால் இலங்கையின் நுவரெலியாவும், கண்டிக்கு அருகே உள்ள திகனவும். மூன்று ஊர்களிலும் ஏரியோ நீர்த்தேக்கமோ உண்டு. ஆனால் ஏரி ஊரில் இருப்பதும் ஆட்டத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை மனத்தில் கொண்டே இவற்றை ஒப்பிட வேண்டும்.

கொடைக்கானல் ஏரி 1863-இல், லெவிஞ்ச் மதுரை ஆட்சியராக இருந்த காலத்தில் அமைக்கப்பட்டது. கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. ஆனால் மைதானம் ஏரிக்கரையில் இல்லை. தூண் பாறைக்குச் செல்லும் வழியில், ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மேடும் பள்ளமுமான புல்வெளியில் இருக்கிறது. அங்கே ஆட்டத்தைத் தீர்மானிப்பவை சரிவும் மூடுபனியும்தான். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால், சமவெளியில் 150 மீட்டர் செல்லும் அடி இங்கே பத்து மீட்டருக்கு மேல் கூடுதலாகச் செல்லக்கூடும். குளிர் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கடல்மட்டத்தில் பழகிய கை இந்தக் கணக்கைப் பிடிப்பதற்குள் முதல் சில குழிகள் கடந்துவிடும். புல்வெளிக்குக் காட்டுமாடுகள் மேய வருவதும் உண்டு. அவை விலகும் வரை எட்ட நின்று காத்திருப்பதே பாதுகாப்பு. பாஸ்போர்ட் வேண்டாம், மதுரை வழியாகக் காரிலேயே போய்விடலாம் என்பது இதன் பெரிய வசதி. 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது.

நுவரெலியா கிளப் 1889-இல் தொடங்கியது. உயரம் ஏறத்தாழ 1,870 மீட்டர் என்பதால் தூரக் கணக்கு கொடைக்கானலைப் போன்றதே. மைதானம் நகரின் நடுவிலேயே இருப்பதால் தங்குமிடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1873-இல் உருவாக்கப்பட்ட கிரகரி ஏரியை ஆட்டம் முடிந்த மாலையில் சுற்றி வரலாம். ஆட்டத்தில் எதிரில் நிற்பவை மரங்கள்தான். அவற்றுக்கு இடையே பந்தை அடிக்க வேண்டிய புல்பாதைகள் குறுகலானவை, பலத்தை நம்பி அடிப்பவரைவிட, நேராக அடிப்பவருக்கே இந்த மைதானம் ஏற்றது. நம் பக்கத்தவருக்கு இங்கே வேறோர் ஈர்ப்பும் உண்டு. மண்டபம் முகாம் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் மிகுதியாக வாழும் மாவட்டம் இது. ஆட்டத்துக்காகப் போனாலும், அந்த மக்களோடு தமிழில் நாலு வார்த்தை பேசாமல் திரும்புவது பேரிழப்பு என்றே கருதுகிறேன்.

ஏரியோர ஆட்டம் என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தம் உடையது திகனவில் உள்ள விக்டோரியா மைதானமே. மகாவலி ஆற்றின் குறுக்கே 122 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டு 1985-இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம், மைதானத்தை மூன்று புறமும் சூழ்ந்திருக்கிறது. எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர். டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த இந்த மைதானத்தின் பார், அதாவது 18 குழிகளையும் முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு வேண்டிய அடிகளின் எண்ணிக்கை, 73. தங்கும் விடுதியும் அங்கேயே உண்டு. இங்கே நீர் வெறும் காட்சிப் பொருளாக இராமல், சில குழிகளில் எந்த மட்டையை எடுப்பது என்பதையே தீர்மானிக்கிறது. நீர்நிலைகளின் எல்லையைக் காட்டும் குச்சிகளின் நிறத்தை முதலில் கவனிக்க வேண்டும். சிவப்பு எனில், பந்து எல்லையைக் கடைசியாகக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், கணக்கில் ஓர் அடி கூட்டப்படும் தண்டனையோடு, பந்தைக் கீழே போட்டு ஆடலாம்; மஞ்சள் எனில் அந்தச் சலுகை இல்லை, நீருக்குப் பின்னால் சென்று மீண்டும் அதைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும். நீர்ப்பரப்பைக் கடந்து வரும் காற்றைத் தரையில் நின்று சரியாக மதிப்பிடுவது எளிதன்று என்றாலும், கச்சான், வாடை எனக் காற்றுகளைப் பெயர் சொல்லி வளர்ந்தவர்களுக்கு அது புதிய பாடமாக இராது. நீர்த்தேக்கத்தின் முழு மட்டமே ஏறத்தாழ 440 மீட்டர்தான் என்பதால் தூரக் கணக்கும் பெரிதாக மாறாது. வெயில் மட்டும் ஊர் வெயிலைப் போல உறைக்கும், ஆதலால் காலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

போக்குவரத்தில் கொடைக்கானலுக்கு இணையில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும் அந்த வழியில் இன்று கப்பல் இல்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து சாலை வழியே மலையேற வேண்டும். 14 மட்டைகள் கொண்ட பையை விமானத்தில் ஏற்றும் கட்டணத்தை முன்பே கேட்டறிந்துவிட்டு, மைதானத்தில் வாடகைக்கு எடுக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

பருவமும் இந்தத் தேர்வை மாற்றும். வளைகுடாவிலிருந்து பெரும்பாலோர் குடும்பத்தோடு வரும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நுவரெலியாவில் தென்மேற்குப் பருவமழை பெய்யும். மலையின் கீழைச் சரிவில் உள்ள திகன அப்போது ஒப்பீட்டளவில் வறண்டிருக்கும். அந்த மாதங்களில் வருபவர் தயங்காமல் திகனவைத் தேர்ந்தெடுக்கலாம். பிப்ரவரியில் வருபவருக்கு நான் நுவரெலியாவையே முதலில் சொல்வேன். அக்டோபர், நவம்பரில் மூன்று இடங்களிலும் மழையை எதிர்பார்க்கலாம் என்பதால், முன்பணம் கட்டாமல், வானிலையைப் பார்த்துவிட்டு மறுநாளே கிளம்பக்கூடிய கொடைக்கானல் பயணமே அப்போது பொருந்தும்.