ஸ்பிரிங், மெமரி ஃபோம், லேடெக்ஸ்: எந்த மெத்தை யாருக்கு?

மெத்தை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்லா கெட்டியா இருக்குமா?" என்பதுதான். கெட்டியாக இருந்தால்தான் முதுகுக்கு நல்லது என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். படுத்திருக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் வலி நன்றாகக் குறைந்தது நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான்.

ஒருக்களித்துப் படுத்தால் துருத்தி நிற்பவை தோளும் இடுப்பெலும்பும். அவை இரண்டும் உள்ளே அமிழ வேண்டும், நடுவில் இடை மட்டும் தொங்காமல் தாங்கப்பட வேண்டும். கெட்டி மெத்தையில் தோள் அமுங்காது, கை மரத்துப்போகும். மிகவும் மென்மையானதில் இடுப்பு புதைந்து முதுகுத்தண்டு தொட்டில் போல வளையும். மூன்று வகைகளையும் இதை வைத்தே எடைபோட வேண்டும்.

ஸ்பிரிங்கில் இரண்டு ரகம் உண்டு. பொன்னெல் ரகத்தில் எல்லாச் சுருள்களும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கும். அதனால் ஒருவர் புரண்டால் பக்கத்தில் இருப்பவர் விழித்துக்கொள்வார். பாக்கெட் ரகத்தில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால் அழுத்திய இடம் மட்டும் அமுங்கும். இருவர் படுக்கும் கட்டிலுக்குப் பொன்னெலை நினைக்கவே வேண்டாம். உள்ளே காற்று தாராளமாக ஓடுவதால் மூன்றிலும் சூடு குறைந்தது ஸ்பிரிங்தான். "குழி விழுந்துவிட்டது" என்ற புகார் வரும்போது பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது கம்பியல்ல, அதன் மேலுள்ள நுரை அடுக்கு. ஆகவே எத்தனை சுருள் என்று கேட்பதோடு, மேலடுக்கு எத்தனை செ.மீ., என்ன அடர்த்தி என்றும் கேளுங்கள்.

மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கென்று உருவான பொருள். உடம்புச் சூட்டில் இளகி, உடலின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். உள்ளங்கையை அழுத்தி எடுங்கள், கைத்தடம் சில நொடி அப்படியே நின்று மெல்ல மறையும். ஒருக்களித்துப் படுப்பவரின் தோளுக்கு இதைப்போல இதம் வேறில்லை. பக்கத்தில் யார் புரண்டாலும் அசைவும் தெரியாது. ஆனால் உடம்பைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் காற்றுக்கு வழியில்லை. வியர்க்கும் உடம்புக்காரர்களுக்கு நடுராத்திரியில் இது பெரிய தொல்லை. ஜெல் கலந்தது படுத்தவுடன் குளுகுளுவென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். குளிரான அறையில் நேர்மாறாக விறைத்துக் கட்டையாகும்.

இதில் ஏமாறும் இடம் அடர்த்தி. முழு மெத்தையும் மெமரி ஃபோம் இல்லை. சாதாரண நுரையின் மேல் ஓர் அடுக்குதான். அந்த அடுக்கு 5 முதல் 8 செ.மீ. வரை, கன மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறையாத அடர்த்தியில் இருக்கட்டும். 2 செ.மீ. என்றால் பெயருக்குத்தான் மெமரி ஃபோம். சுருட்டி வந்த மெத்தையைப் பிரித்தவுடன் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு மூன்று நாள் ஆறவிடுங்கள். தண்ணீர் மட்டும் படவே கூடாது, உள்ளே இறங்கிய ஈரம் லேசில் காயாது.

லேடெக்ஸ் என்பது ரப்பர் பாலை நுரைத்து வார்த்தது. அழுத்திய கையை எடுத்ததுமே எழும்பிவிடும், புரள்வது சுலபம். வார்க்கும்போதே நெடுகத் துளைகள் விழுவதால் மெமரி ஃபோமைவிடச் சூடு குறைவு. குழி விழாமல் நெடுநாள் உழைப்பதும் இதுவே. குறை என்றால் கனம்: 200 செ.மீ. நீளம், 150 செ.மீ. அகலம், 15 செ.மீ. தடிமன், கன மீட்டருக்கு 75 கிலோ அடர்த்தி என்றால் கிட்டத்தட்ட 34 கிலோ. திருப்பிப்போட இரண்டு பேர் வேண்டும். வெயிலில் காயப்போட்டால் ரப்பர் பொடிந்து உதிரும். நிழலில் காற்றாட விட்டால் போதும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

எங்கள் தேர்வு லேடெக்ஸ், நடுத்தரக் கெட்டியில். பாரம் தூக்க ஆளில்லாவிட்டாலும், உடம்பு ரொம்பச் சூடென்றாலும் பாக்கெட் ஸ்பிரிங். ஒருக்களித்தே படுப்பவர், குளிர்ந்த அறை, அதுவும் தோள்வலி என்றால் மெமரி ஃபோம். குப்புறப் படுப்பவர்களுக்கு மெமரி ஃபோம் ஒத்துவராது. வயிறு புதைந்து இடுப்பு வளைந்துவிடும்.

எதுவானாலும் கடையில் பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடைக்கும் மெத்தைக்கும் நடுவே கையை விடுங்கள். தாராளமாகப் புகுந்தால் கெட்டி அதிகம், நுழையவே மறுத்தால் மென்மை அதிகம், உரசிக்கொண்டு நுழைந்தால் சரி.

வீட்டில் கட்டிலையும் ஒருமுறை பாருங்கள். குறுக்குச் சட்டங்களுக்கு இடையே 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் நுரையும் லேடெக்ஸும் அதற்குள் பிதுங்கி இறங்கும். புது மெத்தையிலும் பள்ளம் தட்டுவது அதனால்தான்.