பிளெயின் மேட்சிங்கா, டிசைனோடு டிசைனா?

மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், இரண்டும் பிளெயின்: இது ஒரு கட்சி. கோடு போட்ட சட்டைக்குப் பூப்போட்ட ஸ்கர்ட், கட்டத்துக்குப் புள்ளி: இது எதிர்க்கட்சி. பல வருடம் நான் முதல் கட்சி. இப்போது தினசரி உடைக்கு இரண்டாவதுக்கு மாறிவிட்டேன். அலமாரியில் முக்கால்வாசி டிசைன் துணிதான். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

பிளெயினின் நல்ல குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. காலையில் யோசிக்க வேண்டியதில்லை. ஒரே பேன்ட்டை வாரத்தில் மூன்று நாள் போட்டாலும் யார் கண்ணிலும் படாது. பெரிய மஞ்சள் பூ போட்ட சட்டை என்றால் இரண்டாம் தடவையே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். நேர்முகத் தேர்வு போன்ற இடங்களுக்குப் பிளெயின்தான் பத்திரம். நிறத்தோடு நிறம் சேர்ப்பதற்கு வழியும் உண்டு. நியூட்டன் 1704-ல் நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டினார். இன்று புழங்கும் நிறச் சக்கரங்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை. சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் சாந்தமாக இருக்கும், எதிரெதிர் நிறங்கள் எடுப்பாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் புதுத்துணிக்குத்தான் பொருந்தும். நான் கட்சி மாறியதற்கு ஒரே காரணம், சலவை.

கருநீலச் சட்டையும் கருநீலப் பேன்ட்டும் ஒரே நாளில், ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். சட்டை ஒரு தடவை போட்டால் தண்ணீருக்குப் போகும். பேன்ட் மூன்று நான்கு தடவைக்கு ஒருமுறைதான் போகும். சில மாதத்தில் சட்டை லேசாகச் சாம்பல் ஏறி நின்றது, பேன்ட் அப்படியே இருந்தது. ஜன்னலோரம் இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். சட்டையின் கழுத்துப்பட்டை மடிப்பிலும் கைமடிப்பின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு மாதிரி சாயம் தேய்ந்திருந்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல துணிதான், கிழிசல் இல்லை, கறை இல்லை. சேர்த்துப் போட்டால்தான் சட்டை பழசாகத் தெரிந்தது. செட் என்று வாங்கினது செட்டாக இருந்தது அந்தக் கொஞ்ச மாதம்தான்.

இதற்குக் காரணம் கண்ணிலேயே இருக்கிறது. இரண்டு பெரிய நிறப்பரப்புகள் இடுப்பில் ஒரே கோட்டில் வந்து முட்டுகின்றன. சின்ன வித்தியாசம்கூட அந்த ஓரத்தில்தான் பளிச்சென்று தெரியும். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த வேதியியலாளர் ஷெவ்ரோலுக்கு, கறுப்பு நூல் அடர்த்தியாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் பழுதில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறிக் காட்டியிருக்கின்றன. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்று அவர் 1839-ல் விரிவாகவே எழுதினார். சாயம் நன்றாக இருக்கும்போதே இந்தக் கதி என்றால், பாதி வெளுத்த சட்டையைப் புதுசு போன்ற பேன்ட்டோடு போட்டால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு வெளிச்சம் வேறு. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் வெயிலில் வெவ்வேறாகிவிடும். ஒரே நிறத்தை வெவ்வேறு சாயக் கலவையில் கொண்டுவந்திருந்தால் அப்படித்தான் ஆகும்.

டிசைனில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. என்னிடம் வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று. அதற்கு ஜோடி, உள்ளங்கை அகலப் பூக்கள் போட்ட ஸ்கர்ட். பூவின் இலைகளில் மட்டும் அதே நீலம் வருகிறது. இரண்டும் வெளுத்திருக்கின்றன, அதுவும் ஒரே அளவில் இல்லை. ஆனால் நீலம் எங்கேயும் பெரிய பரப்பாக இல்லை, வெள்ளையும் பச்சையும் நடுவில் புகுந்து உடைத்துவிடுகின்றன. அந்த நீலத்தையும் இந்த நீலத்தையும் ஒட்டவைத்து ஒப்பிடக் கண்ணுக்கு இடமே கிடைப்பதில்லை. "நீலம் இரண்டிலும் இருக்கிறது" என்ற அளவில் மனசு திருப்தியாகிவிடுகிறது. கசங்கலும் சின்னக் கறையும்கூட டிசைனில் மறைந்துவிடும். பிளெயின் வெளிர் நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே தெரியும்.

சேர்ப்பதற்கு நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒரு நிறமாவது பொதுவாக இருக்க வேண்டும். டிசைனின் அளவு வேறு வேறாக இருக்க வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். நகம் அளவு புள்ளியும் கையகலப் பூவும் ஒத்துப்போகும். ஒரே அளவுக் கட்டம் இரண்டு சேர்ந்தால் கண் ஓரிடத்தில் நிற்காது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் மெல்லிய கோட்டில் ஆரம்பிக்கலாம். தூரத்தில் பார்த்தால் அது பிளெயின் மாதிரிதான், எதோடும் போகும். வீடியோ அழைப்புக்கு மட்டும் நெருக்கமான கோடு வேண்டாம், கேமராவில் அது அலையலையாக ஆடும்.

டிசைன் என்றாலே வெளுக்காது என்று சொல்ல வரவில்லை. துணியின் மேலாக மட்டும் அச்சடித்த பிரிண்ட் சீக்கிரம் போகும். முழங்கை, தொடை உராயும் இடங்களில் பூ பாதி அழிந்து நிற்கும், அது வெளுத்த பிளெயினைவிட மோசமாகத் தெரியும். வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். கோடோ கட்டமோ உள்பக்கமும் அதே அழுத்தத்தில் இருந்தால் பெரும்பாலும் சாயமேற்றிய நூலில் நெய்தது, அது சமமாகவே வெளுக்கும். உள்பக்கம் வெளிறிக் கிடந்தால் மேலச்சு. வெள்ளையில் சிவப்பு டிசைன் என்றால், உள்தையலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் நான் துவைக்கப் போடுவதே இல்லை. சாயம் இறங்கினால் அந்த வெள்ளை திரும்பாது.

இதெல்லாம் பருத்தித் துணியில் அனுபவப்பட்டு அறிந்தது. பாலியெஸ்டரை அவ்வளவாக உடுத்தியதில்லை. அதில் சாயம் நன்றாகவே நிற்கிறது என்பதால் அங்கே பிளெயினுக்கு இத்தனை பாதகம் இல்லாமலும் இருக்கலாம்.

பிளெயினை விட முடியாதவர்கள் ஒரே நிறத்தில் செட் சேர்க்க வேண்டாம். கருநீலத்தோடு கருநீலம் வைப்பதைவிடக் கருநீலத்தோடு மணல் நிறம் வையுங்கள். எது வெளுத்தாலும் வித்தியாசம் தெரியாது, ஏற்கெனவே வேறு வேறு நிறம்தானே. செட்டாகத்தான் வேண்டும் என்றால், பேன்ட் அழுக்காகாவிட்டாலும் சட்டையோடு சேர்த்தே ஒவ்வொரு தடவையும் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் காயப்போடுங்கள். நான் கடைசியாக வாங்கிய கறுப்பு ஜோடியை அப்படித்தான் வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டும் ஒரே கறுப்பில்தான் இருக்கின்றன.