இடுப்பு வலிக்கு கைரோபிராக்டரா, பிசியோவா?

20 லிட்டர் தண்ணீர் கேனைக் குனிந்து தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாகியும் விடவில்லை. எலும்பு டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "தசைப் பிடிப்புதான், ஸ்கேன் வேண்டாம்" என்றார். அப்புறம்தான் குழப்பம். யூடியூபில் 'டக்'கென்று முதுகில் நெட்டி முறிக்கிறார்களே, அந்தக் கைரோபிராக்டர்களிடம் போவதா, பக்கத்துத் தெரு பிசியோவிடம் போவதா? கடைசியில் இரண்டு இடத்துக்கும் போனேன்.

முதலில் கைரோபிராக்டர். ஒரு சிட்டிங் 1,500 ரூபாய், ஆறு சிட்டிங் பேக்கேஜ். அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமில்லை, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, அன்று சாயங்காலம் முனகாமல் செருப்பு மாட்டினேன். மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது. கேட்டால், "வாரா வாரம் வாங்க, அப்புறம் மாசத்துக்கு ஒருதரம் போதும்" என்றார். மாசத்துக்கு ஒருதரம் என்றால் எதுவரை? அதற்குப் பதில் வரவில்லை.

பிசியோவிடம் முதல் நாள் சப்பென்று இருந்தது. குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், எந்த நாற்காலியில் எத்தனை மணி நேரம் உட்காருகிறேன் என்று விசாரித்தார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முட்டி போட்டு எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது என நாலைந்து பயிற்சிகள். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வாரம் பைக் ஓட்டினேன். மொத்தம் ஆறு சிட்டிங், தலா 500 ரூபாய்.

காசைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இடுப்பு வலி திரும்பத் திரும்ப வரும் ஜாதி. ராத்திரி பதினோரு மணிக்குப் பிடித்தால் நம் கையில் என்ன இருக்கிறது? போன வருஷம் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பாயை விரித்து அதே பயிற்சிகளைச் செய்தேன், நாலைந்து நாளில் அடங்கியது. நெட்டியை நாமே முறித்துக்கொள்ள முடியாதே!

இதை வைத்து பிசியோதான் ஜெயித்தார் என்று சொல்லிவிடவும் முடியாது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 1998இல் வந்த ஆய்வில் இரண்டு சிகிச்சைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். சிகிச்சை இல்லாமல், இடுப்பு வலி பற்றிய கையேட்டை மட்டும் வாங்கிப் போனவர்கள்கூட ரொம்பப் பின்தங்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போன எனக்கு, வலி தானாகவே வடியத் தொடங்கியிருக்கலாம். பயிற்சி சொல்லித்தரும் கைரோபிராக்டர்களும் உண்டு, எனக்கு வாய்த்தவர் அப்படியில்லை. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னதும் அதுதான்: கையால் அழுத்தி, முறித்துச் சிகிச்சை செய்வதானால் பயிற்சியோடு சேர்த்துச் செய்யுங்கள்.

காலுக்கு இறங்கும் வலி எனக்கு வந்ததில்லை, அதனால் அதில் வாய் திறக்கமாட்டேன். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ இரண்டு பேரும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். கழுத்தைத் திருப்ப மட்டும் நான் யாரையும் விடவில்லை.

பேக்கேஜில் இன்னும் இரண்டு சிட்டிங் பாக்கி. போவதாக இல்லை.