உரியும் என்ஜின் பெயின்ட்: தொட்டு வைப்பதா, ஸ்பிரேயா, பவுடர் கோட்டிங்கா?

கறுப்பு என்ஜின் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வருடங்களில் இந்த வேலை வந்தே தீரும். கிளட்ச் கவர் ஓரத்தில், போல்ட் தலைகளைச் சுற்றி, முன்சக்கரம் கல்லை வாரி அடிக்கும் இடத்தில் பெயின்ட் பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும். என் 150 சிசி ஏர் கூல்டு வண்டிக்கு இந்த நிலை வந்தபோது நான்கு வழிகள் கைக்கு எட்டின: சாதாரண எனாமலைப் பிரஷ்ஷால் தொட்டு வைப்பது, சைலன்சருக்கு அடிக்கும் ஹீட் ரெசிஸ்டன்ட் ஸ்பிரே, என்ஜினுக்கென்றே வரும் எனாமல் ஸ்பிரே, பெயின்ட்டைத் தூளாகத் தெளித்து அடுப்பில் வேக வைக்கும் பவுடர் கோட்டிங். நான் எடுத்தது மூன்றாவது. அதற்குச் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற எனாமல் மலிவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். என்ஜின் சூட்டில் அது பளபளப்பை இழந்து வெளிறும், பெட்ரோல் பட்டால் இளகும். செயின் பக்கத்து ஸ்பிராக்கெட் கவர் போல அவ்வளவு சூடேறாத இடத்தில் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற மூன்றுக்கும் இடையில்தான். கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது சைலன்சர் ஸ்பிரேயை. டப்பாவில் 600 டிகிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். என்ஜின் எனாமல் டப்பாவில் அதில் பாதிகூட இருக்காது. 600 பெரிதா, 290 பெரிதா என்று பார்த்தால் யாரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். ஆனால் இந்த வேலையில் பார்க்க வேண்டிய எண் அது இல்லை. பெயின்ட் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைவிட, எவ்வளவு சூட்டில் இறுகும் என்பதுதான் இங்கே கணக்கு.

சைலன்சர் பெயின்ட் சிலிக்கோன் ரெசினில் செய்தது. அடித்ததும் தொட்டால் ஒட்டாத அளவுக்கு அரை மணியில் காய்ந்துவிடும். அது கரைப்பான் ஆவியாகிப் போனதால் வந்த காய்ச்சல் மட்டுமே. ரெசின் உள்ளுக்குள் பின்னிக்கொண்டு கெட்டியாக வேண்டுமானால் சுமார் 200 டிகிரி சூடு தேவை. எக்ஸாஸ்ட் பைப்பில் அந்தச் சூடு வண்டியைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே வந்துவிடும், அதனால் அங்கே அது அருமையான பெயின்ட். என்ஜினின் அடிப்பாகக் கூடான கிராங்க் கேஸும் சைடு கவர்களும் அப்படியில்லை. உள்ளே ஓடும் ஆயிலின் சூட்டை ஒட்டித்தான் அவையும் இருக்கும். நன்றாக ஓடிய ஏர் கூல்டு என்ஜினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டி இருக்கும், சென்னை வெயிலில் டிராஃபிக்கில் மாட்டினால் இன்னும் கொஞ்சம் ஏறும். 200 வராது, வரவும் கூடாது. ஆக, 600 தாங்குகிற பெயின்ட் அந்த இடத்தில் கடைசிவரை வேகாமலே கிடக்கும்.

வேகாததால் என்ன என்று கேட்டால், பெட்ரோல். கார்புரேட்டர் வண்டியில் எப்போதாவது ஓவர்ஃப்ளோ ஆகி கிராங்க் கேஸ் மேல் சொட்டும். ஆயில் மாற்றியபின் மெக்கானிக் பெட்ரோல் நனைத்த துணியால்தான் துடைப்பார். வேகாத சிலிக்கோன் பெயின்ட் அந்தத் துணியில் கண்மை மாதிரி வந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு பழைய வண்டிக்கு இப்படி முழு என்ஜினுக்கும் அடித்திருந்தார்கள். என்ஜின் உச்சியிலுள்ள சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் பெயின்ட் கல்லாக நின்றது. கீழே கவர்களில் விரல் வைத்துத் தேய்த்தாலே கறுப்பு ஒட்டியது. ஒரே டப்பா, ஒரே நாள் வேலை. சூடு எங்கே எவ்வளவு ஏறுகிறது என்று அந்த வண்டியே படம் போட்டுக் காட்டியது.

என்ஜின் எனாமல் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. உதாரணத்துக்கு விஹெச்டி (VHT) என்ற அமெரிக்கத் தயாரிப்பில் தாங்கும் சூடு சுமார் 290 டிகிரி. வேக வைக்கச் சொல்வது 93 டிகிரியில் 20 நிமிடம். கிராங்க் கேஸும் கவர்களும் எட்டக்கூடிய சூடு அது. பெயின்ட் முழுக்கக் காய்ந்தபின் வண்டியை ஒரு நல்ல ஓட்டு ஓட்டினால் என்ஜினே தன் பெயின்ட்டை வேக வைத்துக்கொள்ளும். கழற்றிய கவராக இருந்தால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் போதும். பழைய ஓவன் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதில் அப்புறம் சாப்பாடு வைக்கக் கூடாது. இறுகியதா என்று பார்க்க, கண்ணில் படாத மூலையில் பெட்ரோல் துணியால் ஒரு தேய் தேய்த்தால் தெரிந்துவிடும்.

பவுடர் கோட்டிங்கைக் குறை சொல்லச் சேதி குறைவு. 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வைத்தே எடுப்பதால் வேகாத பிரச்சினையே கிடையாது. பெட்ரோல், கல்லடி இரண்டையும் நன்றாகத் தாங்கும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கமோ கோயம்புத்தூரிலோ இருப்பவர்களுக்குக் கடைக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த அடுப்பில் ஆயில் சீலும் பேரிங்கும் போகாது. என்ஜினை முழுக்கப் பிரித்தாக வேண்டும். அதற்கு முன் பழைய பெயின்ட்டை எடுக்க மணல் மாதிரியான துகளை அடிப்பார்கள். அதில் கொஞ்சம் ஆயில் துவாரத்தில் தங்கினாலும் பேரிங் போய்விடும். போர், பிஸ்டன் வேலைக்காக என்ஜின் எப்படியும் பிரிகிறது என்றால் பவுடர் கோட்டிங் போடுங்கள், என் சிபாரிசே அதுதான். நாலு இடத்தில் உரிந்ததற்காக ஓடுகிற என்ஜினைப் பிரிப்பது வேண்டாத வேலை. என் சைடு ஸ்டாண்டுக்கும் கிராஷ் கார்டுக்கும் பவுடர் போட்டிருக்கிறேன், அருமையாக நிற்கிறது. என்ஜினுக்குப் போட்டுப் பார்த்த அனுபவம் எனக்கில்லை, அதனால் ஹெட்டில் அது எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, பவுடர் படலம் கெட்டி. கிராங்க் கேஸில் குத்தியிருக்கும் என்ஜின் நம்பரை மறைக்காமல் கொடுத்துவிட்டால், துகள் அடித்ததில் எழுத்து மழுங்கும், மேலே பவுடரும் மூடும். 15 வருடம் கழித்து ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது அது தலைவலி. ஸ்பிரே அடிப்பவர்களும் அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுவது நல்லது. விற்கும்போதும் இது கவனிக்க வேண்டிய விஷயம். புதுசாகப் பளபளக்கும் என்ஜினைப் பார்த்தால் புரோக்கர் சந்தோஷப்பட மாட்டார், “என்ஜின் பிரிச்சிருக்கா?” என்றுதான் கேட்பார். கம்பெனி பெயின்ட் அரைப் பளபளப்புத்தான். அதே சாட்டின் கறுப்பை வாங்கினால் கேள்வி குறையும்.

திட்டுத் திட்டாக அடித்தால் எந்தக் கறுப்பும் பழைய கறுப்போடு சேராது. அதனால் ஒரு கவரில் பாதி உரிந்திருந்தால் அந்தக் கவரை முழுக்க, விளிம்பு வரை அடித்துவிட வேண்டும். அரிசி அளவு உரிந்த இடத்துக்கு, ஸ்பிரேயை மூடியில் கொஞ்சம் பீய்ச்சி, சற்றே கெட்டியானதும் மெல்லிய பிரஷ்ஷால் வைக்கலாம். கிளட்ச் கவரைக் கழற்றினால் ஆயில் வடிக்க வேண்டும், புது பேக்கிங் போட வேண்டும். அதற்குச் சோம்பினால் டேப் ஒட்டி வண்டியிலேயே அடிப்பதில் தப்பில்லை.

எந்தப் பெயின்ட் என்றாலும் அடிவேலை சரியில்லாவிட்டால் மறுபடி உரியும். வெள்ளைப் பூப்பு முழுக்கப் போக வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப் புள்ளியாகக் கிளம்பும். 240 நம்பர் எமரி தாளில் தொடங்கி 400-இல் ஓரங்களைச் சரித்து இழைத்தால் போதும். பிறகு தின்னரில் துடைத்து, ஹீட் கன்னால் லேசாகச் சூடேற்றினால் வார்ப்பின் நுண்துளைகளில் ஊறியிருந்த ஆயில் மேலே வரும். மறுபடி துடைக்க வேண்டும். ஆயில் வருவது நிற்கும்வரை இதேதான். பிரைமர் கேட்டால் பெயின்ட் கடையில் ரெட் ஆக்சைடை நீட்டுவார்கள். அது இரும்புக்கானது. அலுமினியம் தெரியும் இடத்துக்கு உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர், அதுவும் மெல்லிசாக. கோட்டுகளை ஒரு மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிடுங்கள். தாமதமானால் பெரும்பாலான எனாமல்களில் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள், இடையில் அடித்தால் கீழ்க்கோட் சுருங்கி எழும்பும்.

என் வண்டியில் கவர்கள் கடந்த மழைக்காலத்தைத் தாண்டி நிற்கின்றன, ஓரங்களில் பூப்பு இல்லை. சூட்டை வெளியேற்ற சிலிண்டரைச் சுற்றி இருக்கும் ஃபின்களின் (தகடுகளின்) நுனியில் மட்டும் லேசாகத் தேய்ந்திருக்கிறது. அங்கே பிரஷ்ஷால் வைத்துவிட்டேன். நாலைந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் உரிந்தால் அதே டப்பாவில் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம் என்பது போதும். அப்புறம், வாட்டர் வாஷுக்கு விடும்போது என்ஜினுக்கு டீசல் அடிக்க வேண்டாம் என்று வண்டியை நிறுத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பளபளப்புக்காகக் கேட்காமலே அடிக்கும் கடைகள் நிறைய, புது பெயின்ட்டுக்கு அது ஆகாது.